ஹார்வென் பிரபுவின் மூன்றாவது மகள்

டொலறஸைக் கன்னியர் மடத்துக்குக் கொடுப்பதென்று வீட்டில் எப்போது முடிவானது என்று யாருக்கும் நினைவில்லை. அவளைக் கேட்டதாகவும் யாருக்கும் நினைவில்லை. யாழ்ப்பாணத்துப் பாசையூரில் இருந்த காலத்திலேயே அது ஊரறிந்த செய்தியாகிவிட்டது. அவள் அதிகம் பேசமாட்டாள். வீட்டுக்கு ஆட்கள் வந்தால் அடுக்களைக்குள் போய்விடுவாள். பூசைக்கு முதல் ஆளாய்ப் போய்க் கடைசி வாங்கில் இருப்பாள். இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? ‘சிஸ்டர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்துப் பட்டம் வாங்கிய பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

கடைசி வாங்குக்குப் பக்கத்தில் ஒரு பெரிய யன்னல் இருந்தது. அங்கே நல்ல காற்று வரும். அவள் அங்கே இருந்ததற்கு அதுதான் காரணம். அதை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அம்மா மட்டும் ஒருநாளும் அவளை ‘சிஸ்டர்’ என்று கூப்பிட்டதில்லை. 1986இல், சாவதற்கு நாலு மாதம் முன்னால், அம்மா நொத்தாரிசை வீட்டுக்கே வரவழைத்துத் தன் சீதன வீட்டை டொலறஸின் பெயருக்கு நன்கொடையாக எழுதி வைத்தாள். யாழ்ப்பாணத்தில் அது புதுமையில்லை. அம்மாவின் வீடு மகளுக்குப் போகும். அம்மாவுக்கும் அது அவளுடைய அம்மாவிடமிருந்துதான் வந்தது. மகன்மார் பெண் எடுக்கிற இடத்தில் வீடும் எடுப்பார்கள். இப்படியே போய்க்கொண்டிருந்தது உலகம்.

அண்ணை யேசுரட்ணம் 1984இலேயே லண்டனுக்கு வந்துவிட்டார். பெற்றோல் ஷெட்டில் இரவும் பகலும் நின்று, பிறகு அதற்கே மனேஜராகி, செவன் கிங்ஸில் சொந்த வீடு வாங்கி, வசந்தமலரைக் கலியாணம் செய்தார். 1988இல் தங்கச்சியையும் லண்டனுக்கு எடுப்பித்துத் தன்னோடு வைத்துக்கொண்டார். நல்ல மனிதர் என்று எல்லாரும் சொன்னார்கள். அதில் பொய்யில்லை. 1992 மாசியில் அவருக்கு முதல் ஆண்பிள்ளை பிறந்தது. றொஷான் என்று பெயர் வைத்தார்கள். வைகாசி இரண்டாம் ஞாயிறு ஞானஸ்நானம். நாள் குறித்த அடுத்த கிழமையிலிருந்துதான் அண்ணையின் வாயில் அந்த வீட்டின் கதை அடிபடத் தொடங்கியது.

டொலறஸ் அப்போது அல்ட்கேற் பக்கத்தில் ஒரு பழைய கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் வேலை செய்தாள். சரித்திர ஆவணங்களைத் தொகுக்கும் சின்னக் கழகம் அது. இறந்துபோன ஒரு பேராசிரியர் நாற்பது வருடம் எழுதிச் சேர்த்த குறிப்பு அட்டைகள் சப்பாத்துப் பெட்டிகளில் அடுக்கிக் கிடந்தன. அவற்றைக் கம்பியூட்டரில் அடித்து ஏற்ற வேண்டும். ஒரு ஆங்கிலேயப் பெண்மணி காலையில் பெட்டியைக் கொண்டுவந்து வைப்பாள், மாலையில் எடுத்துக்கொண்டு போவாள். இடையில் யாரும் வருவதில்லை. யாரோடும் பேசத் தேவையில்லை. டொலறஸுக்கு அது சம்பளத்தோடு கிடைத்த சொர்க்கம்.

பதினேழாம் பெட்டியில் ஹார்வென் பிரபு வந்தார்.

முதலில் அவளைச் சிரிக்க வைத்தவை பெயர்கள். பிரபுவின் பெயர் றால்ப். மனைவி அலிஸ். மகன் தோமஸ். தம்பி வோல்ட்டர். அறுநூறு வருடத்துக்கு முன்னால் வாழ்ந்த இங்கிலாந்துப் பிரபு குடும்பம் என்று பார்த்தால், பாசையூர்க் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்ததுபோல் இருந்தது. அவளுடைய ஊரில் வோல்ட்டர் என்பவர் மீன் ஏலம் கூறுகிறவர். அலிஸ் ரீச்சர் அவளுக்கு நாலாம் வகுப்பில் கணக்குப் படிப்பித்தவர்.

அட்டைகளை அடிக்க அடிக்க மனிதர் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து நின்றார். றால்ப் பிரபுவுக்கு எசெக்ஸ் பக்கம் நிலங்கள், லண்டனில் ஆற்றைப் பார்த்த ஒரு வீடு. அரசருக்காகப் பிரான்சுக்குச் சண்டைக்குப் போனார். ஒரு கோட்டை முற்றுகையில் பிடிபட்டு மூன்று வருடம் அங்கே சிறையிருந்தார். அந்த மூன்று வருடமும் நிலத்தைப் பார்த்தவள் அலிஸ். தன் பெயரில் ஒரு முத்திரை செய்வித்து, குத்தகைக் கடிதங்களில் அதைக் குத்தினாள். அவள் கலியாணத்தில் கொண்டுவந்த கிராமத்தை மட்டும் ஒருநாளும் கணவனின் நிலங்களோடு சேர்த்து எழுத விடவில்லை. ‘இது என் தாயின் வழி வந்தது’ என்று ஒரு கடிதத்தில் சொல்லியிருந்தாள். டொலறஸ் அந்த அட்டையை இரண்டு தரம் வாசித்தாள். சீதனம், வேறென்ன!

பிரபு திரும்பி வந்தபோது ஒரு முழங்கால் மடங்காது. பிரான்சில் தின்று பழகிய பேரிக்காய் மரங்களைக் கொண்டுவந்து நட்டார். அவை காய்க்கவில்லை. அதற்காகத் தோட்டக்காரன்மேல் வழக்குப் போட்டார். வழக்கும் தோற்றது. இப்படிப்பட்ட மனிதர். முதலில் மோட், பிறகு எலினோர், பிறகு ஜோன் என்று மூன்று பெண்கள். கடைசியாகத் தோமஸ். நாலு பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரிச் சிவப்புத் துணி எடுத்ததாக ஒரு அட்டை இருந்தது.

1361இல் கொள்ளைநோய் இரண்டாம் தரம் வந்தது. முதல் தரம் பெரியவர்களைக் கொண்டுபோன நோய், இந்த முறை பிள்ளைகளைத் தேடி வந்தது. எட்டு வயதுத் தோமஸ் போனான். பத்து நாளில் அலிஸ் போனாள். மாரி தொடங்க முன் பிரபுவும் போய்விட்டார்.

அந்தக் குடும்பத்தைப் பற்றிய கடைசி அட்டையில் பேராசிரியர் எழுதியிருந்தார்: ‘ஆண் வாரிசு இல்லாமல் 1361இல் இந்தக் குலம் அழிந்தது.’

டொலறஸ் அதை அடித்தாள். அடித்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழிந்ததா? மூன்று பெண்கள் சாகவில்லையே. ஒரு வெற்றுத்தாளை எடுத்து, பல்கலைக்கழகத்தில் பரம்பரையியல் வகுப்பில் போட்ட மாதிரிப் படம் போட்டாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், செத்தவர்களுக்குக் குறுக்கே ஒரு கோடு. கோடு விழாத வட்டங்கள் மூன்று மிஞ்சின. விலங்கியலில் இதை அழிவு என்று எழுதினால் முட்டைதான் போடுவார்கள்.

அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்தபோது அண்ணை வேலையால் வந்து தேத்தண்ணியோடு இருந்தார். தொட்டிலில் றொஷான் கால் அடித்துக்கொண்டிருந்தான்.

“இஞ்ச வா பிள்ளை, இரு. ஒரு சின்ன விசயம்” என்றார்.

அண்ணை சின்ன விசயம் என்று சொன்னால் அது பெரிது. டொலறஸ் கதிரை நுனியில் இருந்தாள்.

“ஞானஸ்நானத்தண்டைக்கு சுந்தரராஜன் எண்டு ஒரு லோயர் வாறார். இந்தியாக்காரன், நல்ல மனுசன், ஈஸ்ற் ஹாமில ஒபிஸ். ஒரு அற்றோணி பவர் கொண்டு வருவார். நீ அதில ஒரு கையெழுத்து வைச்சால் காணும். பாசையூர் வீட்டை நான் சின்னவன்ர பேரில மாத்தி விடுவன். ஞானஸ்நானப் பரிசு. ஞானத்தாய் நீ குடுத்தது எண்டு இருக்கட்டும். உனக்கும் பெருமைதானே?”

டொலறஸ் தரைவிரிப்பைப் பார்த்தாள்.

“நீ மடத்துக்குப் போறனி. உனக்கு வீடு என்னத்துக்கு?”

“அம்மா எனக்கெண்டு…” என்று தொடங்கினாள்.

“அம்மா பழைய ஆள். ஊர் முறை. இது இங்கிலாந்து பிள்ளை! இஞ்சத்தைய பெரிய பெரிய பிரபுமாற்ற மாளிகையெல்லாம் ஆருக்குப் போறது? மகனுக்கு. அதாலதான் அவங்கள் ஆயிரம் வருசமாய் அசையாமல் இருக்கிறாங்கள். நாங்கள் பொம்பிளையளுக்குக் குடுத்துக் குடுத்து, கடைசியில குடும்பத்தின்ர பேரே இல்லை.”

“மகன் இல்லாட்டி மகள்மாருக்குத்தான் அண்ணை. மூண்டு பங்காய்ப் பிரிச்சு…”

“அதுதான் மகன் இருக்கிறானே!” என்று அண்ணை தொட்டிலைக் காட்டினார்.

அடுக்களையிலிருந்து வசந்தமலர் சிரித்தாள். அவரும் சிரித்தார். றொஷான் யாரோ தன்னைக் கூப்பிட்டதாக நினைத்துக் குரல் கொடுத்தான். கதை அதோடு முடிந்துபோனது. டொலறஸ் பேசாமல் இருந்தால் அது சம்மதம் என்பது அந்த வீட்டுச் சட்டம்.

அடுத்த நாள் பதினெட்டாம் பெட்டி. அதில் ஜோன் இருந்தாள்.

அண்ணன் றால்ப் செத்து, பிள்ளைகள் தனித்த உடனே, சித்தப்பா வோல்ட்டர் ஆள் அம்போடு வந்து இறங்கினார். மூத்த இரண்டு பெண்களையும் தன் கைக்குள் அடங்கிய இரண்டு பேருக்குக் கட்டிக் கொடுத்தார். மூன்றாவது ஜோன். அவள் வாய் திறக்காத பிள்ளை. அவளை ஆற்றங்கரையில் இருந்த ஒரு கன்னியர் மடத்தில் கொண்டுபோய் விட்டார். அடுத்த வசந்தத்திலேயே அவள் தலையில் முக்காடு போட்டு, வாக்குக் கொடுக்க வைத்தார்கள். காரணம் பக்தியில்லை. அந்தக் காலச் சட்டப்படி, வாக்குக் கொடுத்த கன்னியாஸ்திரி உலகத்துக்குச் செத்தவள். செத்தவளுக்கு நிலத்தில் பங்கில்லை. அவளுடைய பங்கு அக்காமாருக்குப் போகும், அக்காமாரின் பங்கு வோல்ட்டரின் மடியில் விழும். கத்தியில்லை, இரத்தமில்லை. ஒரு முழத் துணியில் ஒரு பிள்ளையைச் சாக வைக்கலாம்.

நாலு வருடம் அவள் செத்திருந்தாள். பதினைந்தாவது வயதில் ஒருநாள் மடத்தின் சலவைத் துணிகளோடு வெளியே வந்து, துணிக்கூடையை ஆற்றங்கரையில் வைத்துவிட்டு, நேரே ஆயரின் மன்றத்துக்கு நடந்து போனாள். பன்னிரண்டு வயதுக்கு முன் கொடுத்த வாக்கு செல்லாது என்பது திருச்சபைச் சட்டம். ஜோன் தனக்கு அப்போது பத்து வயதுதான் என்றாள். வோல்ட்டர் பதின்மூன்று என்றார். பிறந்த பதிவு கிடையாது. ஆகவே அந்தக் காலத்து வழக்கப்படி, அவள் பிறந்த ஊரிலிருந்து பன்னிரண்டு ஆண்களைக் கூப்பிட்டு, ஒவ்வொருவராக விசாரித்தார்கள். இவள் பிறந்த நாள் உனக்கு எப்படி நினைவிருக்கிறது?

அந்தப் பன்னிரண்டு அட்டைகளையும் அடிக்கும்போது டொலறஸ் தனியாக இருந்து வாய்விட்டுச் சிரித்தாள்.

தச்சன் ஒருவன் வந்தான். அன்றைக்குத்தான் கோயிலுக்குப் புதுக் கதவு மாட்டினோம், கதவு என் காலில் விழுந்தது என்றான். மன்றத்திலேயே சப்பாத்தைக் கழற்றி, இல்லாமல் போன இரண்டு விரல்களையும் காட்டினான். அந்தக் கதவு போட்ட வருடம் கோயில் கணக்கில் இருந்தது. இடையன் ஒருவன், அன்றைக்குப் பெய்த பனியில் என் பதினொரு ஆடுகள் புதைந்தன, அவற்றின் பெயர் சொல்லட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றார்கள். ஒருவன், என் மனைவிதான் அவளுக்குப் பால் கொடுத்தவள், என் மகனுக்கும் அவளுக்கும் ஒரே வயது, இதோ நிற்கிறான் பாருங்கள் என்றான்.

கடைசியாகப் பிரபுவின் சமையற்காரன். மூன்றாவதும் பெண் என்று கேட்டதும் பிரபு கையிலிருந்த கிண்ணத்தைச் சுவரில் எறிந்தார், துடைத்தவன் நான் என்றான். கொஞ்ச நேரம் பொறுத்து, மடங்காத காலை இழுத்துக்கொண்டு உள்ளே போனார். பிள்ளையோடு வெளியே வந்தார். ‘இதுகூட என்னோடு கோபமாகத்தான் இருக்கிறது’ என்று சொல்லிச் சிரித்தார். அன்றைக்குப் புனித லூசியாவின் திருநாள். 1351.

டொலறஸுக்குக் குரோய்டன் நினைவு வந்தது. அங்கே அந்த உயரமான கட்டிடத்தில் ஒரு குடிவரவு அதிகாரி, அவளுடைய இரண்டு பத்திரங்களில் இரண்டு பிறந்த திகதி இருப்பதைக் காட்டி, எது உண்மை என்று ஒரு மணித்தியாலம் கேட்டான். பாசையூரிலிருந்து பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். பிலிப்பு அண்ணையின் வள்ளம் கவிழ்ந்த அன்றைக்கு என்று பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் சொல்லியிருப்பார்கள்.

ஜோன் வென்றாள். மன்றத்தின் எழுத்தர் அவள் சொன்ன ஒரு வாக்கியத்தையும் எழுதி வைத்திருந்தார். நாலு வருடம் ஏன் பேசாமல் இருந்தாய் என்று கேட்டதற்கு, ‘என்னை யாரும் கேட்கவில்லை’ என்றாளாம்.

அவள் மூன்றிலொரு பங்கையும் தாயின் கிராமத்தையும் எடுத்துக்கொண்டாள். பிறகு ஒன்றும் புனிதவதியாக வாழவில்லை. அயலவரின் குளத்தை உடைத்ததற்குத் தண்டம் கட்டினாள். ஆலைக்காரனோடு பதினாறு வருடம் வழக்காடினாள். இரண்டு தரம் கலியாணம் செய்தாள். ஒவ்வொரு பத்திரத்திலும் அவள் பெயர் முதலிலும் புருசன் பெயர் பின்னாலும் இருந்தது.

டொலறஸ் முதல் நாள் அடித்த பக்கத்தைத் திரும்பத் திறந்தாள். ‘இந்தக் குலம் அழிந்தது’ என்ற வரிக்குக் கீழே, ‘மூன்று மகள்மாரும் உயிரோடு இருந்தார்கள், பதினெட்டாம் பெட்டியைப் பார்க்க’ என்று சேர்த்தாள். அட்டையில் இருப்பதை மட்டும்தான் அடிக்க வேண்டும் என்பது அங்கே விதி. அதை மீறியது அவளுக்குத் தெரியும். அழிக்கவில்லை.

வியாழக்கிழமை அவளுக்கு விடுமுறை. வீட்டில் தனியாக இருந்தபோது ரெலிபோன் அடித்தது. கஸ்பர் சுவாமி. தமிழ்ச் சனத்துக்கு மாதத்தில் ஒருநாள் பூசை வைக்கிற பாதிரியார், மன்னார்க்காரர், எந்த வீட்டு விருந்துக்கும் நேரத்துக்கு வருகிறவர்.

“பிள்ளை, நல்ல செய்தி. கென்ற் மடத்துத் தாயார் பதில் போட்டிருக்கிறா. புரட்டாதியில வரட்டாம். உம்மட கடிதம் நல்ல வடிவு எண்டு எழுதியிருக்கிறா.”

“என்ர கடிதமோ சுவாமி?”

“ஓம், மாசியில நீர் போட்டதுதான். சின்ன வயசிலிருந்தே அழைப்பை உணர்ந்தனான் எண்டு எழுதியிருந்தீரே. தாயாருக்குக் கண்ணில தண்ணி வந்ததாம்.”

டொலறஸ் ரெலிபோனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

“சரி சரி, வெக்கம். எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கதைப்பம். மச்சாளிட்டச் சொல்லும், மீன் கட்லட்டுக்கு மிளகு கொஞ்சம் கூடப் போடட்டாம்” என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

மாலையில் அண்ணை வந்ததும் சப்பாத்துக் கழற்ற விடாமல் கேட்டாள்.

“அண்ணை, மடத்துக்கு ஆர் கடிதம் எழுதினது?”

“நான்தான். ஏன்?”

“என்ர கையெழுத்து?”

“அதுவும் நான்தான் வைச்சனான். நீ எழுதுவாயோ? இண்டைக்கு எழுதுறன், நாளைக்கு எழுதுறன் எண்டு கிழவியாய்ப் போவாய். ஒரு கையெழுத்துத்தானே, கடவுளுக்குத் தெரியும்.” சப்பாத்தைக் கழற்றி மூலையில் வைத்தார். “லோயருக்கு முன்னால எண்டால் நான் வைக்கேலாது. அதுக்கு நீதான் வேணும்.”

அவர் அதை ஒளிக்காமல் சொன்னார். தப்பு என்று நினைத்திருந்தால் ஒளித்திருப்பார். தங்கச்சியின் காய்ச்சலுக்கு மருந்து வாங்கி வந்தவர் மாதிரி நின்றார். அதுதான் டொலறஸைச் சுட்டது. மாசியில் மகன் பிறந்தான், அதே மாசியில் அவளைச் சாகக் கொடுத்தாகிவிட்டது. அதற்குப் பிறகும் அவளுக்குச் சோறு போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அம்மா எழுதிய உறுதிப் பத்திரம் அவளுடைய பெட்டியில் இருந்தது. அன்றைக்கு அதை எடுத்து, ஒரு வரி விடாமல் வாசித்தாள். ‘என் மகள் மரிய டொலறஸ் என்பவளுக்கும், அவளுக்குப் பின் அவள் விரும்பியவருக்கும்’ என்று இருந்தது. அவள் விரும்பியவருக்கு. அம்மா படிக்காதவள். ஆனால் நொத்தாரிசுக்குச் சொல்ல வேண்டியதைச் சரியாகச் சொல்லியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் எறித்தது. கோயிலில் றொஷான் தண்ணீர் பட்டதும் கத்திக் கூரையைப் பிரித்தான். டொலறஸ் ஞானத்தாயாக நின்று அவனைப் பிடித்திருந்தாள். அவனில் அவளுக்கு ஒரு குறையுமில்லை. அவனுடைய கனம் கைக்கு இதமாகவே இருந்தது. பிறகு எல்லாரும் வீட்டுக்கு வந்தார்கள். இருபது பேர் வரை இருக்கும். மேசையில் கேக், ரோல்ஸ், சுவாமி கேட்ட மிளகுக் கட்லட். கேக் வெட்ட முன்னால் அண்ணை கையைத் தட்டினார்.

“ஒரு சின்ன சந்தோசமான விசயம். என்ர தங்கச்சி மடத்துக்குப் போக முன்னம், பாசையூர் வீட்டைத் தன்ர ஞானமகனுக்குக் குடுக்கிறா.”

எல்லாரும் கை தட்டினார்கள். சுந்தரராஜன் மெல்லிய மனிதர், சாம்பல் நிறக் கோட். தட்டைக் கீழே வைத்துக் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு கடதாசியை விரித்தார். அண்ணை பேனையைத் திறந்து டொலறஸின் கையில் கொடுத்தார்.

“ஒரு நிமிஷம் சார்” என்றார் சுந்தரராஜன். “மேடம், ஒரு பார்மாலிட்டி, கேட்டே ஆகணும். இதுல என்ன எழுதியிருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“உங்க சொந்த விருப்பத்துலதான் கையெழுத்துப் போடறீங்களா?”

“ஓம் ஓம்” என்றார் அண்ணை. “அவ கதைக்கமாட்டா. தலையாட்டுவா, அவ்வளவுதான்.”

“இல்லீங்க சார். அவங்க வாயாலதான் சொல்லணும்.”

அறையில் எல்லாரும் டொலறஸைப் பார்த்தார்கள். இத்தனை கண்கள் ஒரே நேரத்தில் அவளை ஒருநாளும் பார்த்ததில்லை. அந்த மனிதர் கேட்டது அச்சடித்த கேள்வி, யாரிடமும் கேட்கிற கேள்வி. ஆனாலும் கேட்டார். அவளுடைய முப்பது வயதில் முதல்முறையாக ஒருவர் கேட்டுவிட்டார்.

“இல்லை” என்றாள்.

“இல்லைன்னா… புரியலையா? இதுல இருக்கறதைத் தமிழ்ல சொல்லட்டுமா?”

“விளங்குது. எனக்கு விருப்பமில்லை. கையெழுத்து வைக்கமாட்டன்.”

குரல் வெடித்துப்போய்த்தான் வந்தது. ஆனால் அறையின் கடைசி மூலைவரை கேட்டது. யாரோ ஒரு பிள்ளையின் வாயைப் பொத்தினார்கள்.

அண்ணை முதலில் சிரித்தார். “பகிடி விடுறா” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “என்ன பிள்ளை இது? சனத்துக்கு முன்னால?”

“சனத்துக்கு முன்னால வைச்சது நீங்கள்தான் அண்ணை.”

“உன்னை இந்த நாட்டுக்கு எடுத்தது ஆர்? இவ்வளவு வருசமும் பார்த்தது ஆர்?”

“நீங்கள்தான். அந்த நன்றி சாகும்வரைக்கும் இருக்கும். வீடு தரமாட்டன்.”

“என்ர பிள்ளையின்ர நாளில வந்து இப்பிடிச் செய்யிறாயே டொலறஸ்!” என்றாள் வசந்தமலர். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “உன்னட்டை நான் என்ன குறை வைச்சனான்?”

“ஒரு குறையும் இல்லை மச்சாள். உங்கட சீதன வீடு உங்கட பேரில கோண்டாவிலில இருக்குது. அதை ஆராவது கேட்டால் குடுப்பீங்களோ?”

வசந்தமலர் கண்ணைத் துடைத்தாள். அண்ணையைப் பார்த்தாள். அடுக்களைக்குள் போய்விட்டாள்.

“மடத்துக்குப் போறவளுக்கு வீடு என்னத்துக்கு எண்டு கேக்கிறன்!” அண்ணை இப்போது உரத்துப் பேசினார்.

“மடத்துக்கு ஆர் போறது?”

கஸ்பர் சுவாமி கட்லட்டைக் கடித்தபடி நின்றுவிட்டார்.

“சுவாமி” என்றாள் டொலறஸ். அவர் பக்கம் திரும்பி நின்றாள். “அந்தக் கடிதம் நான் எழுதேல்லை. கையெழுத்தும் என்ர இல்லை. எனக்கு அழைப்பு எண்டு ஒண்டும் வரேல்லை. சின்ன வயசிலயும் வரேல்லை, இப்பவும் வரேல்லை.”

சுவாமி மெல்ல விழுங்கினார். “யேசுரட்ணம்?”

“அவவுக்காண்டி எழுதினனான் சுவாமி. அவவின்ர நன்மைக்கு.”

“நன்மையோ? மடத்துக்கு மற்றவைக்காண்டி எழுதேலுமோ ஐயா? தாயார் அழுதவ எண்டனே, அது உம்மட எழுத்துக்கோ அழுதது?”

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அண்ணையின் முகம் கறுத்தது. சுந்தரராஜன் கடதாசியை நாலாக மடித்துக் கோட்டுக்குள் வைத்தார். “சாரி சார். இதுக்கு நான் சாட்சி போட முடியாது” என்று சொல்லிவிட்டுத் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அவருக்கு இந்த வீட்டு வழக்கம் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் கட்லட் பிடித்திருந்தது.

“பெரிய அறிவாளி” என்றார் அண்ணை. “நாலு கடதாசி அடிச்சவுடனே வாய் வந்திட்டுது. இங்கிலாந்திலயும் சரி, எங்கயும் சரி, குடும்பத்தை நிப்பாட்டுறவன் ஆம்பிளை. அது தெரியுமோ உனக்கு?”

“இங்கிலாந்தைப் பற்றி உங்களுக்குத் தெரியாது அண்ணை. நான் வாசிச்சனான்” என்றாள். வேறொன்றும் விளக்கவில்லை. ஹார்வென் பிரபுவை அந்த அறைக்குள் கொண்டுவந்து நிறுத்த அவளுக்கு விருப்பமில்லை. இங்கே தேவைப்பட்டது அவள் ஒருத்திதான்.

அவள் சுவாமியிடம் போனாள். “சுவாமி, மடத்துக்கு ஒரு கடிதம் எழுத வேணும். நீங்கள் எழுதுங்கோ, நான் கையெழுத்து வைக்கிறன்.”

“நாளைக்கு ஆறுதலாய் எழுதுவம் பிள்ளை. இப்ப எல்லாரும் சாப்பிடுற நேரம்.”

“இல்லைச் சுவாமி. இப்ப.”

சுவாமி சுற்றுமுற்றும் பார்த்தார். ஒருவரும் சாப்பிடவில்லை. டொலறஸ் ரெலிபோனுக்குப் பக்கத்தில் இருந்த தாள் கட்டை எடுத்து, கேக்கை ஒரு பக்கம் தள்ளி, மேசையில் இடம் செய்து கொடுத்தாள். அவர் கதிரையை இழுத்து இருந்தார். மடத்தின் விலாசத்தை மனப்பாடமாகவே எழுதினார். ‘அன்புள்ள தாயாருக்கு’ என்று ஆங்கிலத்தில் தொடங்கி, பேனையை நிறுத்தினார்.

“காரணம் என்ன எண்டு எழுத? உடம்பு சரியில்லை எண்டு போடுவமோ? வீட்டுச் சூழ்நிலை எண்டு?”

“காரணம் ஒண்டும் வேண்டாம். முதல் கடிதம் நான் எழுதினதில்லை, நான் வரமாட்டன். அவ்வளவும்தான்.”

அவர் எழுதினார். இரண்டே வரி. அவள் அதை வாங்கி வாசித்தாள். கடதாசியை மேசையில் அழுத்திப் பிடித்து, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தாள். எழுத்துகள் கொஞ்சம் கோணலாக விழுந்தன. பரவாயில்லை, அவளுடையவை.

அண்ணை யன்னல் பக்கம் போய் நின்றார். வெளியே வீதியில் பிள்ளைகள் பந்து அடித்தார்கள். திரும்பியபோது கோபம் கொஞ்சம் இறங்கி, அதைவிட மோசமான ஒன்று முகத்தில் இருந்தது. அவருக்கு உண்மையாகவே நோகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அதற்காகவும் அவள் கையெழுத்து வைக்கப்போவதில்லை.

“சரி. மடமும் இல்லை. என்ர சொல்லும் இல்லை” என்றார். “நாளைக்கு எங்க போகப்போறாய், சொல்லு பாப்பம்?”

“வேலைக்கு” என்றாள் டொலறஸ். “நாளைக்குத் திங்கட்கிழமை.”